பினாங்கின் வாசனைத் தோட்டம்: காய்க்கும் முன்பே விற்கப்பட்ட ஆராய்ச்சி

பினாங்கில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சாதிக்காய் இரண்டு வழிகளில் அறிமுகமாகும். ஒன்று பாட்டியின் உரைகல். வசம்பு, மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றோடு சாதிக்காயையும் கல்லில் உரைத்துக் கைப்பிள்ளையின் நாக்கில் தடவுவார்கள். மற்றொன்று வெயில் நேரத்தில் கடைத்தெருவில் வாங்கிக் குடிக்கும் ‘ஆயர் பாலா’. இவ்விரண்டும் ஒரே பழத்திலிருந்து வருபவை என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் ‘சாதிக்காய்’ என்று படித்தேன். இடைநிலைப் பள்ளியில் ‘புவா பாலா’ என்று படித்தேன். இரண்டு சொற்களும் ஒரே மரத்தின் பெயர்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு, நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய் இந்த மரத்தின் கதையில் மாட்டிக்கொண்டேன். மருந்துச் செடிகளையும் வாசனைப் பயிர்களையும் வளர்த்து ஆராயும் நிலையங்கள் இன்று பல நாடுகளில் உண்டு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒன்று லக்னோவில் இயங்கி வருகிறது. ஆனால், அத்தகைய வேலை நம் பினாங்குத் தீவில் 18-ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே தொடங்கிவிட்டது. அது எப்படித் தொடங்கியது, ஏன் பாதியில் நின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு கொட்டைக்காக ஒரு தீவு

சாதிக்காயின் தாயகம் கிழக்கு இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். கிராம்பின் தாயகம் அதற்கு வடக்கே உள்ள மலுக்குத் தீவுகள். டச்சுக் கும்பினி 1621-ஆம் ஆண்டு பண்டா தீவுகளைப் பிடித்தபோது அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றது அல்லது விரட்டியது. அதன் பிறகு சாதிக்காய் பண்டாவில் மட்டும், கிராம்பு அம்போன் பகுதியில் மட்டும் விளைய வேண்டும் என்பது விதி. வேறெங்காவது மரம் இருந்தால் ஆள் அனுப்பி வெட்டினார்கள். ஏற்றுமதிக் கொட்டைகளைச் சுண்ணாம்பு நீரில் நனைத்தும் அனுப்பினார்கள். முளைக்கவிடாமல் செய்யவே அப்படிச் செய்தார்கள் என்று சொல்வார்கள். பண்டாவைச் சேர்ந்த ரன் என்னும் குட்டித் தீவின் மீது ஆங்கிலேயருக்கு இருந்த உரிமையும் 1667-ஆம் ஆண்டுப் பிரேடா உடன்படிக்கையால் டச்சுக்காரர்களுக்குப் போனது. அதே உடன்படிக்கையில்தான் மன்ஹாட்டன் ஆங்கிலேயர் கையில் நிலைத்தது. அன்றைய கணக்கில் டச்சுக்காரர்கள் ஏமாந்ததாக யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் 1770 வாக்கில் பியர் புவாவ்ர் என்பவரின் முயற்சியால் சில கன்றுகளைக் கள்ளத்தனமாக மொரீசியசுக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலேயருக்கு வாய்ப்பு வந்தது அதற்கும் பின்னர்தான். ஐரோப்பியப் போரில் ஹாலந்து பிரான்சின் பிடிக்குள் போக, 1796-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கப்பற்படை அம்போனையும் பண்டாவையும் கைப்பற்றியது. இந்தத் தீவுகளை நெடுநாள் வைத்துக்கொள்ள முடியாது. சமாதானம் வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே கையில் இருக்கும்போதே செடிகளை அள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று கும்பினி முடிவு செய்தது. அள்ளிவந்ததை நடுவதற்கு ஓர் இடம் வேண்டுமே! 1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் கொடி ஏற்றிய பினாங்கு அதற்குத் தோதாக இருந்தது. ஆண்டு முழுதும் மழை, கடற்காற்று, மலைச்சரிவு. டச்சுக்காரர்களின் கையும் எட்டாத இடம்.

ஸ்மித்தின் செடிகள்

இந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர் கிறிஸ்டபர் ஸ்மித். கேப்டன் பிளை இரண்டாம் முறையாகத் தாகித்தியிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசென்ற ‘பிராவிடன்ஸ்’ கப்பலில் (1791-1793) தோட்டக்காரராகப் போனவர்களுள் இவர் ஒருவர். கப்பலில் செடியைச் சாகவிடாமல் கொண்டுபோவது எவ்வளவு கடினம் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்.

சாதிக்காயில் அந்தக் கடினம் இன்னும் கூடுதல். நெல்லைப்போல, பயற்றைப்போலச் சாக்கில் கட்டி வைத்துப் பிறகு விதைக்கக்கூடிய வித்து அல்ல இது. பழத்திலிருந்து எடுத்துச் சில நாள் காய்ந்தாலே முளைக்கும் திறன் போய்விடும். மளிகைக்கடையில் வாங்கும் சாதிக்காயை நட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். (நான் நட்டேன். பாட்டி சிரித்தார்.) ஆகவே ஈரம் காயாத வித்துகளாகவோ மண்ணோடு கூடிய கன்றுகளாகவோதான் கொண்டுவர வேண்டும். கப்பலில் குடிநீரே அளந்து கொடுக்கப்படும் காலத்தில் செடிக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புக் காற்றுப் படாமலும் காக்க வேண்டும். செடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூடிவைத்துக் கடல் கடத்தும் வார்டின் முறை வருவதற்கு இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

அவ்வாறு வந்த கன்றுகள் பினாங்கில் ஆயர் ஈத்தாமிலும் சுங்கை கெலுவாங்கிலும் நடப்பட்டன. அதே காலத்தில், அதாவது 1800 வாக்கில், கும்பினி தமிழ்நாட்டில் குற்றாலத்திலும் ஒரு வாசனைத் தோட்டம் வைத்தது. இந்தியாவில் கிராம்பு காலூன்றியது அங்கிருந்துதான் என்பார்கள். இன்று கன்னியாகுமரி மாவட்ட மலைகளில் விளையும் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பினாங்குக்கும் குற்றாலத்துக்கும் உறவு சொல்ல அருவியோடு ஒரு தோட்டமும் இருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி.

ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்த நூல்களில் ஸ்மித்தின் பெயர் இருக்கிறது. குழி வெட்டியவன், தண்ணீர் சுமந்தவன் பெயர் எதிலும் என் கண்ணில் படவில்லை. அக்காலத்துப் பினாங்கில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்களும் கூலிகளும் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து கைதிகளும் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுள் எவர் இத்தோட்டங்களில் உழைத்தார் என்று தேடுவது வரலாற்று மாணவர் எவருக்கேனும் நல்ல ஆய்வுத் தலைப்பாகும்.

ஆண் மரமும் பெண் மரமும்

இனி இந்த மரத்தின் குணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். தோட்டம் ஏன் தோற்றது என்பது அதில்தான் இருக்கிறது.

பனையில் ஆண் பனை, பெண் பனை என்று தனித்தனியாக இருப்பதுபோல் சாதிக்காயிலும் உண்டு. காய்ப்பது பெண் மரம். ஆண் மரம் பூக்கும், காய்க்காது. ஆனால் அது அறவே இல்லாவிட்டால் பெண் மரமும் காய்க்காது. பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதும். வித்து போட்டு வளர்த்தாலோ ஏறக்குறையப் பாதிக் கன்றுகள் ஆணாகிவிடும். கன்றின் இலையையோ தண்டையோ பார்த்து எது ஆண், எது பெண் என்று சொல்ல முடியாது. முதல் பூ பூக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். நிறைந்த விளைச்சலுக்குப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகலாம். அதாவது ஆயிரம் கன்று நட்டவர் ஏழு ஆண்டு தண்ணீர் ஊற்றிய பிறகு அவற்றில் நானூற்றுக்கு மேல் வெட்ட வேண்டும்!

விடுமுறையில் நண்பர்களோடு பாலிக் பூலாவுக்குப் போயிருந்தபோது ஒரு ஹக்கா பெரியவர் தம் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். செழித்து நின்ற ஒரு மரத்தைத் தட்டி, “இனி ஜந்தான்” என்றார். ஆண் மரமாம். எட்டு ஆண்டு வளர்த்து ஏமாந்தேன் என்று மலாயில் சொல்லிவிட்டு, “வெட்ட மனசு வரவில்லை, தேனீக்கு நிழல்” என்று சமாதானமும் சொன்னார். அவருடைய புதிய மரங்கள் எல்லாம் ஒட்டுக் கன்றுகள். காய்க்கும் பெண் மரத்தின் குச்சியை இளங்கன்றில் ஒட்டினால் வருவது நிச்சயம் பெண், சீக்கிரமும் காய்க்கும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. நிமிர்ந்து வளரும் நடுக்குருத்திலிருந்து குச்சி எடுத்தால் மரம் நிமிர்ந்து வளரும். பக்கக் கிளையிலிருந்து எடுத்தால் புதர்போல் படரும். கேரளத்தில் கோழிக்கோட்டிலுள்ள நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய ஒட்டு முறையைச் சீர்செய்ததோடு ‘விஸ்வஸ்ரீ’ என்ற தேர்ந்த இரகத்தையும் வெளியிட்டிருக்கிறது. ஆராய்ச்சி நிலையம் என்றால் நம்மில் பலரும் அதிசய மூலிகை கண்டுபிடிக்கும் இடம் என்று நினைக்கிறோம். அதன் வேலையில் பெரும்பங்கு இதுதான்: ஆணா பெண்ணா என்று பார்ப்பது, எண்ணுவது, எழுதி வைப்பது, காத்திருப்பது.

ஸ்மித்துக்கு அந்தக் காத்திருப்பு கிடைக்கவில்லை. 1802-ஆம் ஆண்டு ஆமியான் சமாதானத்தால் மலுக்குத் தீவுகள் மீண்டும் டச்சுக்காரர்களுக்கு என்று ஆயிற்று. 1805-ஆம் ஆண்டு பினாங்கின் நிர்வாகம் கும்பினித் தோட்டத்தை விற்றுவிட்டது. கணக்குப் பாருங்கள். முதலில் நட்ட கன்றுக்கு அப்போது வயது எட்டோ ஒன்பதோ. பிந்தி வந்தவற்றுக்கு மூன்று, நான்குதான். பெரும்பாலான மரங்கள் தாம் ஆணா பெண்ணா என்று சொல்வதற்கு முன்பே கைமாறிவிட்டன. வரவு இல்லை, செலவு மட்டும் இருக்கிறது என்று பார்த்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, வரவு வரும் வயது எது என்பது.

இன்னொரு முறையும் இதே கதை நடந்தது. 1822-ஆம் ஆண்டு கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவர் வாலிச் இவ்வழியே வந்தபோது, அவரோடு வந்த ஜார்ஜ் போர்ட்டர் பொறுப்பில் பினாங்கில் இரண்டாம் தோட்டம் தொடங்கப்பட்டது. போர்ட்டர் பினாங்கு பிரீ ஸ்கூலில் ஆசிரியராகவும் இருந்தார். அத்தோட்டமும் 1834-ஆம் ஆண்டு மூடப்பட்டது.

மூன்றாவதாக, 1884-ஆம் ஆண்டு சார்லஸ் கர்ட்டிஸ் கருங்கல் உடைத்த பள்ளத்தைச் செப்பனிட்டு உருவாக்கியதே இன்று தண்ணீர்மலை கோயிலுக்கு அருகில் நாம் குரங்குகளுக்குப் பயந்துகொண்டே நடைப்பயிற்சி போகும் தாவரத் தோட்டம். அது மட்டும் நிலைத்தது.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர்த் தோட்டம் சான்று. 1877-ஆம் ஆண்டு கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் அங்கு வந்தன. 1888-ஆம் ஆண்டு பொறுப்பேற்ற ரிட்லியை, ரப்பர் ரப்பர் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்ததால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று கேலி செய்தார்கள். மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை அவர் 1890-களில் ஆராய்ந்து செம்மைப்படுத்தினார். கெடாவில் என் கொள்ளுத்தாத்தா காலை நான்கு மணிக்கு எழுந்து பால்மரம் வெட்டப் போனது அந்த ஆராய்ச்சியின் பின்விளைவு. ஆகவே ஆராய்ச்சித் தோட்டம் என்றால் எனக்கு வெறும் மகிழ்ச்சி மட்டும் வருவதில்லை.

குளுகோர்

விற்ற பிறகும் சாதிக்காய் சாகவில்லை. தனியார் கைகளில் பெருகியது. அத்தகைய தோட்டக்காரர்களில் முதன்மையானவர் ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் பிரவுன். பாடாங் பிரவுனில் சாப்பிடும் நாம் அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவருடைய குளுகோர் தோட்டம் சாதிக்காய்க்கும் கிராம்புக்கும் பேர்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சாதிக்காய்ப் பித்து உச்சத்தில் இருந்தது. 1860 வாக்கில் நோய் தாக்கி மரங்கள் பட்டுப்போயின. நோயை ஆராய்ந்து சொல்ல அப்போது பினாங்கில் ஆராய்ச்சித் தோட்டம் எதுவும் இல்லை. அதைத்தான் 1834-இலேயே மூடிவிட்டார்களே!

குளுகோர், நம் வளாகம் இருக்கும் இடம். பக்கத்திலேயே கம்போங் புவா பாலா இருந்தது. சாதிக்காய்க் கம்பம் என்று தமிழில் சொல்லலாம். பிரவுன் குடும்பத் தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்த தமிழர்கள் அங்கே மாடு வளர்த்துப் பால் கறந்து வாழ்ந்தார்கள். ‘தமிழர்களின் ஹை செப்பரல்’ என்று நாளிதழ்கள் எழுதின. வீட்டுமனைத் திட்டத்திற்காக 2009-ஆம் ஆண்டு வீடுகள் இடிக்கப்பட்டன. நான் தமிழ்ப்பள்ளியில் கால் வைப்பதற்கு முன்பு நடந்தது அது. அந்தச் சாலையில் இப்போது போனால் மாடிக் கட்டடங்கள் தெரிகின்றன. குழி வெட்டியவர்களின் பெயரைத் தேடினேன் என்றேனே, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் முகவரியையும் இப்போது தேடத்தான் வேண்டும்.

உரைகல்லுக்கு வருகிறேன். சாதிக்காயில் மிரிஸ்டிசின் என்னும் பொருள் உண்டு. அளவு மீறினால் மயக்கமும் மனக்குழப்பமும் வரும். கைப்பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. என் பாட்டி “ஒரு உரை, அதற்கு மேல் கூடாது” என்று அம்மாவை அதட்டுவாராம். அது வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன். மருந்தின் அளவை எண்ணிக்கையில் வைத்த முறை அது என்று இப்போது புரிகிறது. ஆனால், ஒரு கொட்டைக்கும் மற்றொரு கொட்டைக்கும் சத்து ஒன்றுபோல் இராது. மரத்துக்கு மரம், ஊருக்கு ஊர் மாறும். அதைப் பாட்டியின் விரலால் அளக்க முடியாது. அளந்து, இந்த மரத்தில் இவ்வளவு என்று எழுதி வைக்க ஒரு நிலையமும், பல ஆண்டுகள் பொறுமையாகச் சம்பளம் கொடுக்க ஓர் அரசும் வேண்டும்.

பாலிக் பூலா பெரியவர் புறப்படும்போது ஈரம் காயாத மூன்று வித்துகளைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். அன்றிரவே பையில் மண் போட்டு நட்டேன். இரண்டு முளைத்திருக்கின்றன. ஆணா பெண்ணா என்று தெரியும்போது எனக்கு வயது முப்பதை நெருங்கியிருக்கும். நாங்கள் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். பெரிதானால் எங்கே நடுவது என்று பாட்டி தினமும் கேட்கிறார்.