பக்கத்து வயல்காரர் மனசு



பொருளாதாரம் படித்துவிட்டு நாஞ்சில் நாட்டில் நெல் போட வந்திருக்கிறாய். சந்தோஷம். முதலில் பத்துக்குள், அதாவது ஒன்றாகக் கிடக்கும் வயல்பரப்புக்குள், உன் வயல் எங்கே கிடக்கிறது என்று பார். நடுவில் என்றால் விளைச்சலில் பாதி சுற்றியிருப்பவர்கள் கையில்.

ஒரு கன்னிப்பூ போகத்துக்கு நாங்கள் ஐந்து பேர் ஒன்றாக விதைப்பதாக டீக்கடையில் பேசிக்கொண்டோம். விதைத்தது நான் மட்டும். மூன்று பேர் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினார்கள். ஒருவர் வயலை விற்க முன்பணமே வாங்கியிருந்தார். கதிர் முற்றியபோது எலிக்கும் குருவிக்கும் என் வயலை விட்டால் வேறு தீனி இல்லை. ஒற்றை வயலுக்கு அறுப்பு மெஷினும் வரமாட்டேன் என்றது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆள் தெரியாமல் ஆடியது நான்.

உன் பாடத்தில் ஜான் ஹர்சானி வந்திருப்பார். எதிராளி எந்த வகை என்று தெரியாத ஆட்டத்தைப் பற்றி 1967-68இல் மூன்று பகுதிகளாக எழுதியவர். 1994இல் நோபல் பெற்றவர். வகை தெரியாவிட்டால் ஒவ்வொரு வகைக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு மதிப்பு வைத்துக்கொண்டு, கண்ணில் படுவதை வைத்து அதைத் திருத்திக்கொண்டே போகவேண்டும். நம் பத்தில் மூன்று வகை: எப்படியும் நெல் போடுபவர், நாலு பேர் போட்டால் போடுபவர், தென்னை வைக்கவோ பிளாட் போடவோ காத்திருப்பவர். என் அனுபவத்தில் நடுவகைதான் அதிகம். உன் பாடு அவர்களோடுதான்.

பேச்சுக்குச் செலவில்லை, அதை நம்பாதே. வாய்க்காலில் புல் வெட்டக் கூலி கொடுத்தது யார், விதைநெல் வாங்கியது யார், வரப்பில் தென்னம்பிள்ளை ஊன்றியது யார் என்று பார்.

1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையை நம் பாசனத்துக்கு ஜூனில் திறப்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதில் நாள்தான் தெரியும், யார் விதைப்பார் என்பது தெரியாது. திறப்பு தள்ளிப்போனால் நடுவகை முதலில் கழன்றுகொள்ளும். வாய்க்காலின் கடைவரம்பில் இன்னும் சீக்கிரமாக.

ஆகவே உன் உழவை ரோட்டோர வயலில் தொடங்கு. நீ உழுவதை ஒருவர் பார்க்கவேண்டும், அவர் பார்த்ததை இன்னொருவரும் பார்க்கவேண்டும், அதற்குத்தான். திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு விதை கேட்கப் போகும்போது பக்கத்து வயல்காரரையும் கூட்டிக்கொண்டு போ. பஸ் காசு நீ கொடு.