சொல்லத் தெரியாத கோபம்



வளர்ந்த மகன் சாப்பாட்டுத் தட்டை வீசி எறிகிறான். பருவ வயது மகள் தன் கையையே கடித்துக்கொள்கிறாள். "பிடிவாதம்" என்கிறார்கள் உறவினர்கள். "கண்டித்து வளர்க்கவில்லை" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். ஆலயத்துக்கு அழைத்துவரவும் பெற்றோர் கூசுகிறார்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களின் இந்தக் கொந்தளிப்பையும், அதை ஆற்றிக்கொள்ளக் கற்பிக்கும் உளவியல் சிகிச்சையையும் பற்றி இந்த இதழில் படிப்போம்.

குறைபாடு எதில்?

முன்பு 'மனவளர்ச்சி குன்றியோர்' என்று இவர்களைச் சொல்லிவந்தோம். இது மனநோய் அன்று. வளரும் பருவத்திலேயே தொடங்கும் நிலை. கற்பதும், யோசித்து முடிவெடுப்பதும், அன்றாட வேலைகளைத் தாமே செய்வதும் இவர்களுக்குக் கடினம். ஆனால் உணர்ச்சிகளில் குறைவில்லை. அவமானம், பயம், ஏக்கம் எல்லாம் நம்மைப் போலவே இவர்களுக்கும் உண்டு. அவற்றைச் சொல்ல வார்த்தை இல்லை. அடக்கி ஆற்றும் பழக்கமும் இல்லை. வார்த்தை வராத இடத்தில் கை ஓங்குகிறது.

முதலில் உடம்பைப் பாருங்கள்

அமைதியாக இருந்தவர் திடீரென்று முரண்டு பிடித்தால், பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் போன்ற தொல்லை இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். "அவன் சுபாவமே அப்படித்தான்" என்று விட்டுவிடுவதால் எத்தனையோ வலிகள் கவனிக்கப்படாமலே போகின்றன.

மாத்திரை தீர்த்துவிடுமா?

முரட்டுத்தனத்துக்கு மனநோய் மாத்திரை கொடுத்து அடக்குவது பல நாடுகளில் வழக்கம். இங்கிலாந்து, வேல்ஸ், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் 86 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2008-ல் வெளிவந்தது. இரு பிரிவினருக்கு இருவகை மருந்துகளும், மூன்றாம் பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். நான்கு வாரங்களில் எல்லோரிடமும் முரட்டுத்தனம் குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களிடமே அதிகமாக, 79 சதவீதம் குறைந்தது! இத்தகைய மருந்தை முரட்டுத்தனத்துக்கு வழக்கமான சிகிச்சையாகக் கொள்ளலாகாது என்றார்கள் ஆய்வாளர்கள். ஆனால் மனநோயும் சேர்ந்து இருப்பவர்களுக்கு மருந்து தேவைப்படலாம். எந்த மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

சிகிச்சையில் என்ன நடக்கிறது?

1. பெயரிடுதல்: முகப் படங்களைக் காட்டி, இது கோபம், இது பயம், இது வருத்தம் என்று பிரித்தறியப் பழக்குகிறார்கள்.

2. உடம்பின் அறிகுறி: நெஞ்சு படபடக்கிறது, முகம் சூடாகிறது, விரல்கள் மடங்குகின்றன. கோபம் வருமுன்பே இவற்றைக் கண்டுகொள்ளக் கற்பிக்கிறார்கள். சாலை விளக்கைப்போல் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் இதற்கு உதவும். மஞ்சளில் இருக்கும்போதே நிற்கப் பழக வேண்டும்.

3. மாற்று வழி: மெதுவாக மூச்சு விடுவது, அந்த இடத்தைவிட்டு நகர்வது, "உதவி வேண்டும்" என்று கேட்பது.

4. மாற்றி எண்ணுதல்: "வேண்டுமென்றே இடித்தான்" என்பதற்குப் பதில் "தெரியாமல் இடித்திருக்கலாம்" என்று நினைக்கப் பழகுவது.

5. நடித்துப் பார்த்தல்: இவை அனைத்தையும் சிறு நாடகம்போல் திரும்பத் திரும்பச் செய்து பழகுவது.

பேச்சே அதிகம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 1985-ல் கார், டுராண்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் நான்கு குழந்தைகளின் முரண்டுக்குக் காரணம் தேடினார்கள். சில வேளை பாடம் கடினம். சில வேளை ஆசிரியரின் கவனம் போதவில்லை. உதவியையும் கவனத்தையும் வாய்விட்டுக் கேட்கக் கற்பித்தபோது முரண்டு குறைந்தது. பேச்சு வராதவர்களுக்குச் சைகையோ பட அட்டையோ அந்த வேலையைச் செய்யும்.

யார் கற்பிப்பது?

பிரிட்டனில் 30 பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களில் 179 பேரிடம் நடத்திய ஆய்வு 2013-ல் வெளிவந்தது. இலேசான, நடுத்தர அளவிலான குறைபாடு உடையவர்களுக்கு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வகுப்புகள் நடத்தப்பட்டன. நடத்தியவர்கள் அந்த நிலையங்களின் சாதாரணப் பணியாளர்களே, உளவியலாளர் வழிகாட்டினார். தங்கள் கோபம் பற்றிப் பங்கேற்றவர்கள் தாமே சொன்னதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவர்கள் கோபத்தைச் சமாளிக்கும் திறன் கூடியதை உடனிருந்த பணியாளர்கள் கண்டார்கள்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது நெடுநாளைய வழக்கம். அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில் பிள்ளையோடு பெற்றோரும் பயிற்சி பெறுகிறார்கள். வீடு திரும்பியபின் வருடக்கணக்காகக் கற்பிக்கப்போகிறவர்கள் அவர்கள்தானே!

இந்தச் சிகிச்சைக்கு விலையுயர்ந்த இயந்திரம் ஏதும் தேவையில்லை. சில படங்கள், ஒரு சிறு அறை, பொறுமையுள்ள மனிதர்களின் நேரம் இவையே போதும். காணிக்கையால் கட்டடம் எழும்பினால் கண்ணுக்குத் தெரியும். ஒரு பயிற்றுநரின் ஊதியமாகச் செல்லும் காணிக்கை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓங்கிய கை மெல்ல இறங்குவதை ஒரு தாய் காண்பாள்.

சிந்திக்க:

1. நம் சபையில் இத்தகைய பிள்ளையுள்ள குடும்பம் எது? அவர்கள் கடைசியாக எப்போது ஆராதனைக்கு வந்தார்கள்?

2. அந்தப் பிள்ளை சத்தமிடும்போது நாம் திரும்பிப் பார்க்கும் பார்வை எப்படிப்பட்டது?

3. அந்தத் தாய் சற்று ஓய்வெடுக்க, வாரம் ஒரு மணி நேரம் நம்மில் யார் கொடுக்கலாம்?