கல்லூரியில் மகளுக்குத் தொல்லை என்றால்



இந்த மாதப் பாடம் சேமிப்பு, வட்டிக் கணக்கு பற்றியது இல்லை. கல்லூரிக்குப் போகும் நம்ம பிள்ளைகள் பற்றியது. ஊக்குநர் இதைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்வராயன் மலையில் இருந்துகொண்டே எல்லாப் படிப்பும் படிக்க முடியாது. நம்ம பிள்ளைகள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போகிறார்கள், அல்லது ஹாஸ்டலில் தங்குகிறார்கள். காபிப் பழம் பறித்த கூலியிலும், மிளகு விற்ற காசிலும், குழுக் கடனிலும்தான் முதல் வருட ஃபீஸ் கட்டுகிறோம். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

அந்தப் பிள்ளை ஒரு நாள் வந்து, "அம்மா, ஒரு சார் எங்கிட்ட சரியில்லாம நடந்துக்கிறார்" என்று சொன்னால் என்ன செய்வோம்? பல வீடுகளில் முதல் பேச்சே "இனிமே நீ போக வேண்டாம்" என்பதுதான். அடுத்தது, "வெளியே யார்கிட்டயும் சொல்லாதே." கொஞ்ச நாளில் மாப்பிள்ளை பார்க்கவும் ஆரம்பித்துவிடுகிறோம். தப்பு செய்தவர் அதே நாற்காலியில் இருக்கிறார், படிப்பு போனது நம்ம பிள்ளைக்கு. இப்படித்தான் முடியும் என்று தெரிந்துதான் பல பிள்ளைகள் நம்மிடம் வாயே திறப்பதில்லை.

படிப்பை நிறுத்தாமலே புகார் கொடுக்க வழி இருக்கிறது. அதற்கு நாள் கணக்கும் இருக்கிறது. அதைத்தான் இன்று படிக்கிறோம்.

சட்டம் வந்த கதை

இந்த வழி டெல்லியில் பெரியவர்கள் தானாக நினைத்துக் கொடுத்தது இல்லை. ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில் பன்வாரி தேவி என்ற பெண் அரசின் மகளிர் திட்டத்தில் ஊர்ப் பணியாளராக இருந்தார். வீடு வீடாகப் போய்ப் பேசுவது அவர் வேலை, நம்ம ஊக்குநர்கள் மாதிரி. 1992-ல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்குப் பழி வாங்க அவரைக் கூட்டாகப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 1995-ல் கீழ்க்கோர்ட்டு அந்தக் குற்றத்தில் எதிரிகளை விடுவித்தது. வேலைக்குப் போன பெண்ணுக்குப் பாதுகாப்பு யார் பொறுப்பு என்று கேட்டு மகளிர் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997 ஆகஸ்ட் 13-ல் வந்த விசாகா தீர்ப்புதான், ஒவ்வொரு வேலை இடத்திலும் புகார்க் குழு வேண்டும் என்று முதலில் சொன்னது. அது 2013-ல் சட்டமாகியது. கல்லூரி மாணவிகளுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூ.ஜி.சி., 2016 மே மாதம் தனி விதிகளை வெளியிட்டது.

(எஸ்டேட்டில் வேலை செய்யும் நமக்கும் அதே 2013 சட்டம்தான். வேலையாட்கள் 10 பேருக்குக் குறைவாக இருந்தாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ, கலெக்டர் அமைக்கும் மாவட்டக் குழுவில் எழுதிக் கொடுக்கலாம். இதைத் தனிப் பாடமாகவே எடுக்க வேண்டும்.)

குழுவில் யார் இருப்பார்கள்?

இதன் பெயர் உள்ளகப் புகார்க் குழு. தலைவர் மூத்த பேராசிரியையாக இருக்க வேண்டும். ஆசிரியர்கள் இரண்டு பேர், அலுவலகப் பணியாளர்கள் இரண்டு பேர், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்கள் மூன்று பேர், வெளியில் இருந்து மகளிர் அமைப்பைச் சேர்ந்த ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். துறைத் தலைவர் போன்ற பெரிய பொறுப்பில் இருப்பவர்கள் இதில் உட்காரக் கூடாது. மேலே இருப்பவரைப் பார்த்துக் குழு பயப்படக் கூடாது என்பதற்காகத்தான்.

வெளியில் இருந்து வரும் அந்த ஒருவரைக் கவனியுங்கள். பெண்களுக்காக வேலை செய்யும் அமைப்பில் இருந்து வர வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. நம்ம கூட்டமைப்பில் இருந்து ஏன் ஒருவர் போகக் கூடாது? பிள்ளைகள் படிக்கும் கல்லூரிக்கு நாம் கடிதம் போட்டுக் கேட்கலாம்.

பிள்ளையைச் சேர்க்கும்போது ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிறோம், பஸ் உண்டா என்று கேட்கிறோம். புகார்க் குழுவில் யார் யார், போன் நம்பர் என்ன என்றும் கேளுங்கள். கல்லூரி அதை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். வகுப்பறை மட்டும் இல்லை, ஹாஸ்டல், கேண்டீன், கல்லூரி பஸ், டூர், விளையாட்டுப் போட்டி எல்லாமே இந்தக் குழுவின் எல்லைக்குள் வரும்.

நாள் கணக்கு

கடன் தவணைத் தேதி மாதிரி இதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும். புகார் நகல் 7 நாளில் எதிர்த் தரப்புக்குப் போகும். அவர் 10 நாளில் பதில் தர வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். பிறகு 10 நாளில் அறிக்கை. மேல்முறையீடு இல்லையென்றால் 30 நாளில் கல்லூரி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

"அது வரைக்கும் அந்த ஆள் கையிலதானே மார்க்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான பயம். அதற்கும் விதி இருக்கிறது. விசாரணை நடக்கும்போது அவர் அந்தப் பிள்ளையின் பேப்பரைத் திருத்தக் கூடாது என்று உத்தரவு போடலாம். விலகி இருக்கும்படி அவரை எச்சரிக்கலாம். புகாரில் இதையும் கேட்டு எழுத வேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் தானாக நடக்காது.

இன்னொன்று. சமாதானம் பேசுவது பிள்ளை விரும்பினால் மட்டும்தான். பணம் கொடுத்து முடிப்பதை விதி அனுமதிக்கவில்லை. நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

நடைமுறையில் என்ன நடக்கிறது?

விதி நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாக் கல்லூரியும் அதன்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டோம். 2023-ல் சென்னை கலாக்ஷேத்ராவில் மாணவிகள் தரப்பில் குற்றச்சாட்டு எழுந்தது. நிறுவனத்தின் உள் விசாரணை முதலில் அதை ஏற்கவில்லை. மார்ச் 30 அன்று மாணவிகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் வந்தபோது சுமார் 90 பேர் எழுத்தில் புகார் கொடுத்தார்கள். ஏப்ரல் 3-ல் ஓர் உதவிப் பேராசிரியர் கைதானார். அதன் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் தனிக் குழு வந்தது. ஒருத்தியாகச் சொன்னால் வதந்தி என்பார்கள், பல பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அப்படித் தள்ள முடியாது. குழுவாகச் சேர்ந்து பழகிய நமக்கு இது புதிதில்லை.

அருப்புக்கோட்டையில் 2018-ல் நடந்ததும் நினைவிருக்கும். ஒரு கல்லூரியின் உதவிப் பேராசிரியை நான்கு மாணவிகளிடம் போனில் தவறான வழிக்கு ஆசை காட்டிப் பேசினார். பிள்ளைகள் மறுத்தார்கள், பேச்சும் பதிவாகி இருந்தது. 2024 ஏப்ரல் 30-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. தொல்லை தருபவர் ஆணாகத்தான் இருப்பார் என்று இல்லை. போனில் வந்த மெசேஜை வெட்கப்பட்டு அழித்துவிட வேண்டாம், அதுதான் சாட்சி.

2024 டிசம்பர் 23-ல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு வெளியாள் கொடுமை செய்தான். அந்தப் பெண் பயந்து ஒதுங்கவில்லை, உடனே புகார் கொடுத்தாள். அவளைப் பற்றிய விவரத்தோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது பெரிய அநியாயம். உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. 2025 ஜூன் 2-ல் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டு குறைப்பில்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆறு மாதம்கூட ஆகவில்லை.

ஹாஸ்டலில் வேறு விதி

தொல்லை என்றால் தொடுவது மட்டும் இல்லை. ஆண் பிள்ளைகள் இரவு லைப்ரரி போகலாம், பெண் பிள்ளைகள் மாலையே ஹாஸ்டலுக்குள் வர வேண்டும் என்றால் யாருக்குப் படிப்பு குறைகிறது? பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் ஹாஸ்டலுக்கு மட்டும் பாரபட்சமான விதி போடக் கூடாது என்று அதே யூ.ஜி.சி. விதிகள் சொல்கின்றன. நமக்கே இதைக் கேட்டால் கொஞ்சம் திக்கென்று இருக்கும். பூட்டி வைத்தால் நிம்மதி என்று பழகிவிட்டோம். ஆனால் பூட்டு போடுவதைவிட விளக்கும் காவலும் கேட்பதுதான் சரி என்று நாம் நினைக்கிறோம்.

போலீசுக்கு எப்போது?

கல்லூரிக் குழுவுக்குப் போனாலும் போலீசுக்கும் போகலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது. முதல் வருடப் பிள்ளைகளில் 18 வயது முடியாதவர்கள் உண்டு. அவர்களுக்கு 2012-ன் போக்சோ சட்டம் பொருந்தும், விஷயம் தெரிந்த கல்லூரி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பஸ்ஸிலோ ரோட்டிலோ தொல்லை என்றால் 1998-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் பேசலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

புகார் மனு மாதிரி

"பெறுநர்: தலைவர், உள்ளகப் புகார்க் குழு, ______ கல்லூரி. நான் ______ ஆண்டு ______ வகுப்பில் படிக்கிறேன். ______ தேதி, ______ மணிக்கு, ______ இடத்தில் ______ என்பவர் என்னிடம் ______ (நடந்ததை நடந்தபடி). இதற்கு முன் ______ தேதிகளிலும் நடந்தது. பார்த்தவர்கள் ______. மெசேஜ் நகல் இணைத்துள்ளேன். விசாரணை முடியும் வரை அவர் என் தேர்வுத் தாளைத் திருத்தாமலும், என்னை அணுகாமலும் இருக்க உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன். என் பெயரை இரகசியமாக வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன். தேதி, கையொப்பம்."

இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் கல்லூரி முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை அந்த நகலோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். 90 நாள் கணக்கு தவறினால் காட்ட அதுதான் வேண்டும்.