ஊதாப் பூ மரம் எது?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிகளில், ஏப்ரல், மே மாத வசந்தத்தில், உயர்ந்த மரமொன்று இலை விடுமுன்பே ஊதாப் பூங்கொத்துகளைத் தாங்கி நிற்கும். அதை ஜக்கராண்டா என்பாருண்டு. நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்லலாகாது. வேறு அடையாளங்களையும் காண்போம்.

முதலாவது, காய். சென்ற ஆண்டின் உலர்ந்த காய்கள் கிளையிலேயே இருக்கும். ஜக்கராண்டாவின் காய் காசு போல் வட்டமாய், தட்டையாய் இருக்கும். முனை கூர்ந்த முட்டை வடிவமாயின், அது பவுலோனியா.

இரண்டாவது, இலை. ஜக்கராண்டாவுக்குத் தொட்டாற்சுருங்கி போல் பொடிப்பொடி இலைகள். பவுலோனியாவுக்கோ பூவரசிலை வடிவில், தேக்கிலை போல் அகன்ற இலைகள்.

மூன்றாவது, இடம். தென்னமெரிக்காவில் தோன்றிய ஜக்கராண்டா கடும் உறைபனியைத் தாங்காது. சீனத்தில் தோன்றிய பவுலோனியா தாங்கும். ஆகவே, மேலே சொன்ன மரம் பவுலோனியாவே.

நம் சாலையோரத்தில் ஊதாவாய்ப் பூக்கும் புங்கூர், அதாவது பூமருது, வேறு இனம். அதன் இதழ்கள் தனித்தனியே கசங்கியவை போலிருக்கும். மற்ற இரண்டின் பூக்களும் குழல் வடிவின.

பெயரறிவதில் என்ன பயன் எனலாம். 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பவுலோனியா, ஆண்டொன்றில் 2 கோடி விதைகள் வரை உதிர்க்க வல்லது. இறகு முளைத்த அவ்விதைகள் காற்றில் பரவி முளைத்து, அந்நாட்டுச் செடிகளின் இடத்தைப் பறிக்கின்றன.

ஆதலின், பூவைக் கண்டு மகிழ்வோம். காயையும் இலையையும் கண்ட பின்பே கன்றை நடுவோம்.