வீட்டுக்குள் வன்முறை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

'கேஸ் போட்டால் குடும்பம் போய்விடும்.' நம் ஊரில் அடிவாங்கும் பெண்களை வாய் திறக்கவிடாமல் செய்வது பெரும்பாலும் இந்த ஒரு பயம்தான். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ துன்புறுத்தப்பட்டவர்களில் உதவி தேடிப் போனவர்கள் நாடு முழுவதும் எடுத்துக்கொண்டாலும் 100-க்கு 14 பேர்தான்.

இந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வந்ததுதான் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அது 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு கணவனின் கொடுமைக்கு ஆளான பெண்ணின் முன்னால் இருந்தவை முக்கியமாக இரண்டு வழிகள்: இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவில் குற்ற வழக்கு, அல்லது விவாகரத்து. 'இன்று இரவு பிள்ளைகளோடு நான் எங்கே தூங்குவது?' என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. புதிய சட்டம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. அடிக்கக் கூடாது, வீட்டில் இருக்கவிட வேண்டும், செலவுக்குக் கொடுக்க வேண்டும், பிள்ளைகளை அவரிடம் விட வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு வாங்கலாம். இதற்காக விவாகரத்து கேட்கத் தேவையில்லை. யாரையும் கைது செய்யச் சொல்லவும் தேவையில்லை. பாதுகாப்பு உத்தரவு வந்த பிறகு அதை மீறினால், அப்போது அது சிறைக்குரிய குற்றம்.

உரிமை சட்டத்தில் இருக்கிறது. அது கைக்கு வர என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதை இனி பார்ப்போம்.

பாதிக்கப்படும் பெண்கள்

செய்ய வேண்டியவை

1. எதெல்லாம் வன்முறை என்று தெரிந்துகொள்ளுங்கள். அடி, உதை மட்டுமல்ல. பாலியல் கொடுமை, கேவலமான பேச்சு, பிள்ளை இல்லை அல்லது ஆண் பிள்ளை பெறவில்லை என்று குத்திக்காட்டுவது எல்லாம் சட்டப்படி வன்முறைதான். சம்பளத்தைப் பிடுங்குவது, நகையைக் கேட்காமல் அடகு வைப்பது, வீட்டுச் செலவுக்குக் காசு தராமல் இழுத்தடிப்பது ஆகியவை பொருளாதார வன்முறை.

2. சட்டம் மனைவிக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மகனிடம் அடிவாங்கும் தாய், அண்ணன் வீட்டில் துன்பப்படும் தங்கை, கணவனை இழந்த மருமகள், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்தவர் என குடும்ப உறவோடு ஒரே வீட்டில் வாழ்ந்த, வாழும் பெண்கள் எல்லாரும் மனு போடலாம். எதிர்த்தரப்பு ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரம்பை 2016-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. மாமியார், நாத்தனார் மீதும் நிவாரணம் கேட்கலாம்.

3. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் முதலில் வெளியே வாருங்கள். 112 அவசர உதவிக்கு, 181 மகளிர் உதவிக்கு. வீட்டை விட்டு வந்ததால் அந்த வீட்டின் மீதான வசிப்புரிமை போய்விடாது. திரும்பப் போய் வாழவும் உத்தரவு கேட்கலாம்.

4. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே இடத்தில் வையுங்கள். நகலை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

5. காயம்பட்டால் அரசு மருத்துவமனைக்குப் போய், யார் அடித்தார், எதனால் அடித்தார் என்று சொல்லுங்கள். டாக்டர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். 'ஏ.ஆர். காப்பி' என்று வழக்கறிஞர்கள் கேட்பது இதைத்தான். பின்னாளில் வழக்கு நிற்பதற்கு இது பெரிய துணை.

6. நடந்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள். காயத்தின் புகைப்படம், மிரட்டல் குரல் பதிவு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். அவை இருக்கும் போனையே பத்திரப்படுத்துங்கள்.

7. பிறந்த வீட்டிலிருந்து வந்த நகை, பாத்திரம், பொருள் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுங்கள். ரசீது இல்லாவிட்டால் கல்யாண ஆல்பம் உதவும். இந்தப் பொருள்களைத் திருப்பித் தரச் சொல்லவும், வழக்கு முடியும்வரை விற்காமல் தடுக்கவும், லாக்கரைத் திறக்காமல் நிறுத்தவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

8. பாதுகாப்பு அலுவலரைச் சந்தியுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள். நடந்ததை அறிக்கையாக எழுதுவது, மனு தயாரிக்க உதவுவது, தங்கும் விடுதியிலோ மருத்துவமனையிலோ சேர்ப்பது எல்லாம் அவருடைய வேலை. அந்த அறிக்கையை அலுவலகத்தில் 'டி.ஐ.ஆர்.' என்பார்கள். சரியான காரணமின்றி நீதிமன்றம் இட்ட கடமையைச் செய்யாத பாதுகாப்பு அலுவலருக்கே ஓராண்டு வரை சிறைத் தண்டனை என்று சட்டம் சொல்கிறது. ஆகவே தயங்காமல் கேளுங்கள். மருத்துவம், ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம், காவல் உதவி ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் தருவதற்காக ஒருங்கிணைந்த சேவை மையங்களும் இருக்கின்றன. 181-இல் கேட்டால் அருகில் எது என்று சொல்வார்கள்.

செய்யக்கூடாதவை

1. டாக்டரிடம் 'பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்' என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வரி, பிறகு நீங்கள் சொல்லும் உண்மைக்கு எதிராக நீதிமன்றத்தில் நிற்கும்.

2. வெற்றுத்தாளிலோ, படிக்காமலோ கையெழுத்துப் போடாதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கும் 'இனி பிரச்சினை இல்லை' என்ற தாள் அடியை நிறுத்தாது. மீறினால் தண்டிக்கவும் அதற்கு அதிகாரம் கிடையாது.

3. 'போகப் போகிறேன்' என்று சண்டையின் நடுவில் அறிவிக்காதீர்கள். பெண் கிளம்புகிறாள் என்று தெரியும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். ஏற்பாட்டை அமைதியாகச் செய்யுங்கள்.

4. 'வீடு மாமனார் பேரில் இருக்கு, எனக்கு என்ன உரிமை' என்று விட்டுவிடாதீர்கள். கணவனோடு குடும்பமாக வாழ்ந்த வீடு அவருடைய உறவினருக்குச் சொந்தமானாலும் அங்கே வசிக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நீங்கள் கேட்பது வீட்டின் சொத்துரிமையை அல்ல, வெளியே தள்ளப்படாமல் வாழ்வதை.

5. 'நாளாகிவிட்டது, இனி எங்கே போய்ச் சொல்வது' என்று சோர்ந்துவிடாதீர்கள். இந்தச் சட்டத்தின்கீழ் மனுப் போடுவதற்கு ஓராண்டுக் கெடு பொருந்தாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு.

6. சாவதைத் தவிர வழியில்லை என்று தோன்றும் வேளையில் தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் எந்நேரமும் பேசலாம். வழி இருக்கிறது.

காவல் நிலையம், நீதிமன்றம்

செய்ய வேண்டியவை

1. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் மனு ரசீது கேட்டு வாங்குங்கள். 'சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுங்க' என்றால் அவர்களுக்குப் புரியும். வழக்குப் பதிந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. கணவனும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு பொருந்தும். மூன்றாண்டு வரை சிறை. அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய 498ஏ. பாதுகாப்பு மனுவையும் குற்றப் புகாரையும் ஒருசேர நடத்தலாம். ஒன்று மட்டும் போதும் என்றாலும் சரி.

2. வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று நிற்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

3. இப்போது நீங்கள் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடுங்கள். கல்யாணமாகிப் போனது சென்னை, தற்சமயம் இருப்பது திருநெல்வேலியில் அம்மா வீடு என்றால், திருநெல்வேலி மாஜிஸ்திரேட் விசாரிக்கலாம்.

4. மனுவோடு சேர்த்து இடைக்கால உத்தரவும் கேளுங்கள். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வர வேண்டும், அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இதைவிட நாளாகிறது. அந்த இடைவெளியில் உங்களைக் காப்பது இடைக்கால உத்தரவுதான். அவசரமென்றால் பிரமாணப் பத்திரத்தின் பேரில், எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே அதைத் தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அடிக்கிற ஆண் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றும் உத்தரவிடலாம்.

5. பலர் முன் சொல்லக் கூசும் விஷயமென்றால் மூடிய அறையில் விசாரிக்கக் கேளுங்கள்.

6. உத்தரவின் நகல் இலவசம். அதைக் கையோடு வைத்திருங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம் அது. உங்கள் ஒருவரின் சாட்சியத்தை வைத்தே குற்றம் நடந்ததென நீதிமன்றம் முடிவுக்கு வரலாம்.

செய்யக்கூடாதவை

1. ஆலோசனைக்கு உட்காரும்போது 'அவள் எதிர்த்துப் பேசினாள், அதனால் அடித்தேன்' என்ற வாதத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் நடக்கும் ஆலோசனையில் அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர்த்தரப்பை அனுமதிக்கக் கூடாது என்று அச்சட்டத்தின் 2006 விதிகள் சொல்கின்றன. சமரசம் உங்கள் விருப்பம், கட்டாயமல்ல.

2. கோபத்தில் சம்பந்தமில்லாத உறவினர் பெயரையெல்லாம் புகாரில் சேர்க்காதீர்கள். யார், என்று, என்ன செய்தார் என்று குறிப்பாகச் சொல்லும் புகார்தான் நிற்கும். பொதுப்படையான குற்றச்சாட்டுகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்கின்றன. அதோடு உங்கள் உண்மையும் வலுவிழக்கும்.

3. உத்தரவு பாதகமாக வந்தால் மனமுடைந்து நாளைக் கடத்தாதீர்கள். அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான்.

குழந்தைகளுக்காக

செய்ய வேண்டியவை

1. அதே மனுவில் பிள்ளைகளுக்குப் பராமரிப்புத் தொகையும், அவர்களைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் விடும்படியும் கேளுங்கள். சொந்தப் பிள்ளை, தத்துப் பிள்ளை, முதல் தாரத்துப் பிள்ளை என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. தகப்பன் வந்து பார்ப்பது பிள்ளைக்குத் தீங்கென்றால் அதையும் மாஜிஸ்திரேட் மறுக்கலாம்.

2. பிள்ளையே அடிபட்டால் 1098-ஐ அழையுங்கள். பிள்ளையே நேரடியாகவும் அழைக்கலாம். பொறுப்பில் இருப்பவர் குழந்தையைத் துன்புறுத்துவது இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 75-ஆம் பிரிவின்படி குற்றம்.

3. பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டம், 2012. விஷயம் தெரிந்தவர் யாராயினும் புகார் செய்தே ஆக வேண்டும். மறைப்பதும் தண்டனைக்குரியது. பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை அவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

1. 'அப்பாகிட்ட போய்ச் சொல்லு' என்று பிள்ளையைத் தூது விடாதீர்கள். சாட்சி சொல்லப் பாடம் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

2. நடந்ததை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை அதை மறுபடி அனுபவிக்கிறது.

3. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள். அனுதாபத்தோடு பகிர்ந்தாலும் குற்றம் குற்றமே.

4. 'குடும்ப மானம்' என்று சித்தப்பாவையோ மாமாவையோ காப்பாற்றாதீர்கள். போக்சோ வழக்கு பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளும் விவகாரம் அல்ல.

உறவினர், அக்கம்பக்கத்தார், ஆசிரியர்கள்

செய்ய வேண்டியவை

1. அலறல் கேட்டால் காலிங் பெல்லை அழுத்துங்கள், 112-ஐ அழையுங்கள். வன்முறை நடக்கிறதென்று நம்பக் காரணம் இருந்தால் எவர் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது.

2. பாதிக்கப்பட்ட பெண் வந்து சொல்லும்போது முழுவதும் கேளுங்கள். 'நான் கூட வருகிறேன்' என்று சொல்லி மருத்துவமனைக்கோ நீதிமன்றத்துக்கோ உடன் போங்கள். பலருக்கு மனு எழுதுவதைவிட அந்த வாசலைத் தாண்டுவதுதான் கடினம்.

3. வகுப்பில் பிள்ளை திடீரென ஒடுங்கிப்போனால், காயத்தோடு வந்தால், ஆசிரியர்கள் தனியாக அன்போடு விசாரியுங்கள். தேவைப்பட்டால் 1098-இல் நீங்களே சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

1. 'நீ என்னம்மா பண்ணினே?' என்று கேட்காதீர்கள். 'இத்தனை நாள் ஏன் சொல்லலை?' என்றும் கேட்காதீர்கள்.

2. 'ஆம்பளைன்னா கை நீட்டத்தான் செய்வான், அனுசரிச்சுப் போ' என்று சொல்லி பஸ் ஏற்றிவிடாதீர்கள். திரும்பப் போக அவரே விரும்பினால், எழுத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

3. அவர் தங்கியிருக்கும் இடத்தை 'சேர்த்துவைக்கிறேன்' என்று கணவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். பெண்ணுக்குக் கொடுத்தனுப்புவதைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறோம். அந்தப் பேச்சுக்கு நடுவே ஒரு மாலை அவளோடு உட்கார்ந்து 181, 112, 15100 என்ற எண்களை அவள் போனில் பதிந்து கொடுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகம் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். 'அடித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, இந்த வீட்டுக்கு எப்போதும் வரலாம், அந்த வீட்டில் நிம்மதியாக வாழும் உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்' என்று அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சொல்லுங்கள். மகன் இருக்கும் வீட்டில், கை நீட்டினால் நாங்கள் மருமகள் பக்கம் நிற்போம் என்று அவனிடமும் சொல்லுங்கள்.