ஐப்பசி மழையும் கண் திறக்காத குட்டிகளும்

பிற்பகல் மூன்று மணிக்கு வானம் இருட்டி, இடியோடு கொட்டித் தீர்க்கும் நாள்கள் இவை. இதே நாள்களில்தான் தீபாவளிக்கு வீடு ஒதுக்குகிறோம். ஸ்டோர் அறையில் பழைய பெட்டியை நகர்த்தினால், லயத்துப் பின்கட்டில் அடுக்கிய பலகையைப் பிரித்தால், உள்ளே மூன்று நான்கு பூனைக்குட்டிகள் நெளியும். நம் மலேசியாவில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். அதனால் பூனைக்குக் குட்டி போடும் பருவம் என்று தனியாக ஒன்று கிடையாது, எந்த மாதமும் போடும். குட்டிகள் சாகிற பருவம் மட்டும் உண்டு. அது இந்த மழைக்காலம்.

கண்டதும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். குட்டிகள் உலர்ந்து, வயிறு உருண்டு, சத்தமில்லாமல் தூங்கினால் தாய் இரை தேடப் போயிருக்கிறது. சற்று விலகி நின்று ஒரு மணி, இரண்டு மணி நேரம் பாருங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம், பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இடம் நனைந்தால் குட்டிகளைப் பெட்டியில் வைத்து, அதே இடத்துக்குப் பக்கத்தில், தாய் கண்ணில் படும்படி உயரத்தில் வையுங்கள். எறும்பை மறக்காதீர்கள். மழை பெய்தால் செவ்வெறும்பு வீட்டுக்குள் ஏறும். கண் திறக்காத குட்டியை அது விட்டுவைக்காது. பெட்டியை ஒரு முக்காலியின் மேல் வைத்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். நம் பாட்டிகள் பலகார அலமாரிக்குச் செய்த அதே ஏற்பாடுதான்.

தாய் வரவில்லை, குட்டி நனைந்து கத்துகிறது என்றால் உடனே பாலைத் தேடாதீர்கள். முதலில் சூடு, பிறகுதான் பால். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் பல குட்டிகள் பிழைக்கும். முதல் மூன்று வாரம் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்க முடியாது. முதல் வாரத்தில் அதன் படுக்கை 30 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். மழை ராத்திரியில் நம் வீட்டுக்குள் 25 பாகைதான் இருக்கும். நமக்குப் புழுக்கம் விட்ட சுகம், அதற்கோ உயிர் போகும் குளிர். குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது. ஊற்றிய பால் செரிக்காமல் கிடக்கும், இல்லையென்றால் மூச்சுக்குழலில் இறங்கும். பல வருடங்களுக்கு முன் பசியென்று நினைத்து ஒரு குளிர்ந்த குட்டிக்கு நானே அவசரமாகப் பால் புகட்டி அதை இழந்திருக்கிறேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உலர்ந்த துண்டால் துடைத்து, சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வையுங்கள். மினரல் வாட்டர் போத்தலில் வெதுவெதுப்பான நீர் நிரப்பித் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு மிஞ்சினால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் காலியாக இருக்கட்டும். காற்றாடிக்கு நேரே வைக்க வேண்டாம். சுண்டுவிரலை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்து, குட்டி விரலைச் சப்பத் தொடங்கினால் பாலுக்குத் தயார்.

எந்தப் பால்? தே தாரேக்குப் போடும் டின் பால் வேண்டவே வேண்டாம். தோட்டத்தில் பல வீடுகளில் அதைத்தான் கரைத்து ஊற்றுகிறார்கள். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான டின்களில் கிரீமர் என்றே எழுதியிருக்கும். அதில் பாதிக்கு நெருங்கச் சர்க்கரை, மீதியில் செம்பனை எண்ணெய். பசும்பாலும் ஆகாது. பூனைப் பாலில் இருக்கும் புரதத்தில் பாதிகூடப் பசும்பாலில் இல்லை, வயிற்றுப்போக்கும் கொடுக்கும். சின்னக் குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஒரே நாளில் உடம்பு வற்றிவிடும். மெர்லிமாவ், ஜாசின், அலோர் காஜா எங்கிருந்தாலும் பக்கத்து டவுனில் உள்ள பெட் ஷாப்பிலோ கால்நடை கிளினிக்கிலோ பூனைக்குட்டிக்கான பால்மாவு வாங்கிவிடுங்கள். கடை திறக்காத ராத்திரியில் மட்டும், காய்ச்சி ஆறிய ஆட்டுப்பால் கொஞ்சம் கொடுத்துச் சமாளிக்கலாம். மறுநாளும் அதையே தொடராதீர்கள்.

புகட்டும் விதம் இன்னும் முக்கியம். பிள்ளைக்குச் சங்கில் பால் ஊட்டுவதுபோல் மடியில் மல்லாக்கப் போட்டுப் பழகிய கைகள் நம்முடையவை. குட்டியை அப்படிப் போட்டால் பால் நுரையீரலுக்குப் போகும். தாயிடம் குடிக்கும்போது படுப்பதுபோலக் குப்புற வைத்து, தலையை லேசாக நிமிர்த்தி, ஊசியில்லாத சிரிஞ்சில் துளித் துளியாகக் கொடுங்கள். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள். 100 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி போதும். முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும்தான். அடுத்த வாரம் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை. குடித்த பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் தடவிவிடுங்கள். தாய் நக்கிவிட்டால்தான் குட்டி சிறுநீர் கழிக்கும், மலம் போகும். தாய் இல்லாதபோது அந்த வேலை நம்முடையது.

பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துப் பாருங்கள். நாளுக்குச் சுமார் 10 கிராம் ஏறினால் நன்று. ஏறாவிட்டால் கவனியுங்கள். இறங்கினால், ஈறு வெளுத்திருந்தால், அன்றே டாக்டரிடம் போங்கள். ஈறு வெளுக்கப் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சிதான் காரணம். சின்ன உடம்பில் இருக்கும் இரத்தத்தை அது குடித்துத் தீர்த்துவிடும். நெருக்கமான பல் சீப்பால் வாரி எடுங்கள். நாய்க்கான மருந்து, மண்ணெண்ணெய், கோடாலித் தைலம் எதையும் தடவாதீர்கள். தண்ணீரில் விட்டால் வெள்ளையாக மாறும் கிருமிநாசினியால் பெட்டியைத் துடைக்காதீர்கள், அதுவும் பூனைக்கு விஷம். நாம் விழுங்கும் பெனடோலையும் கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரை பெரிய பூனையையே கொன்றுவிடும்.

செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மரத்தடியில் எலி மருந்து வைக்கும் நாள்களில் தாய்ப்பூனையை வயிறு நிறைய வீட்டிலேயே சாப்பிட வையுங்கள். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் உள்ளே இரத்தம் கசிந்து அது சாகும், குட்டிகள் அநாதையாகும். கார் வைத்திருப்பவர்கள் விடிகாலை வேலைக்குக் கிளம்பும்போது அதன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். மழை இரவில் சற்று வளர்ந்த குட்டிகள் எஞ்சின் சூட்டுக்கு அங்கே ஏறிப் படுக்கும்.

நான்கு வாரம் ஆனதும் குட்டிகளுக்கான ஈர உணவைப் பாலில் குழைத்து வைக்கலாம். குழம்புச் சோறு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனை இரத்தத்தைக் கெடுக்கும். எட்டாவது வாரம் முதல் தடுப்பூசி. பால் கொடுக்கும்போதே தாய் மறுபடி சினையாகலாம். ஆகையால் குட்டிகள் பால் மறந்ததும் அதற்குக் கருத்தடை செய்துவிடுங்கள்.

இன்று மழை இறங்குமுன் ஒரு காலிப் பெட்டி, பழைய துண்டு இரண்டு, ஊசியில்லாச் சிரிஞ்சு ஒன்று, குட்டிப் பால்மாவு ஒரு டின் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்.