இரு கரை கண்டவர்

நுழையுமுன்

மாணவர்களே! "உங்கள் சொந்த ஊர் எது?" என்று எவரேனும் வினவினால், விடை கூறுமுன் சற்றுத் தயங்குகிறீர்கள் அல்லவா? பிறந்த நாட்டிற்கும் புகுந்த நாட்டிற்கும் ஒலிம்பிக் பதக்கம் வென்று தந்த ஒரு வீராங்கனையைப் பற்றி அறிவோம்.

பாடம்

யோசெஃபா இடெம் 1964ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் கோக் என்னும் ஊரில் பிறந்தார். அவர் தேர்ந்த விளையாட்டு, கயாக் படகுப் போட்டி. கயாக் என்பது குறுகிய, நீண்ட படகு. அதில் வீரர் முன்னோக்கி அமர்ந்து, இருமுனையிலும் அலகுடைய துடுப்பை இடமும் வலமும் மாறிமாறி வலிப்பார். ஒருபுறம் மட்டுமே வலித்தால் படகு நேரே செல்லாது.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், இருவர் செலுத்தும் படகில் மேற்கு ஜெர்மனிக்காக வெண்கலப் பதக்கம் வென்றார். பின்னர்த் தம் பயிற்சியாளரான இத்தாலியர் குலியெல்மோ குவெர்ரினியை மணந்து, இத்தாலியின் குடிமகளானார். 1992ஆம் ஆண்டு பார்சிலோனாவில் நான்காம் இடமே கிட்டியது. அவர் தளரவில்லை. 1995இல் தாயானார், அடுத்த ஆண்டே அட்லாண்டாவில் தனிநபர் 500 மீட்டர் போட்டியில் வெண்கலம் வென்றார். 2000ஆம் ஆண்டு சிட்னியில், தம் 36ஆம் வயதில், அதே போட்டியில் பொற்பதக்கம் பெற்றார். 2003இல் இரண்டாம் மகன் பிறந்தான். மறு ஆண்டு ஏதென்சில் வெள்ளி கிடைத்தது.

2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அவருக்கு வயது 43. இறுதிப் போட்டியில் இரு படகுகள் ஏறத்தாழ ஒருங்கே எல்லையைத் தொட்டன. உக்ரைன் வீராங்கனை இன்னா ஒசிபென்கோ 1 நிமிடம் 50.673 நொடியிலும், இடெம் 1 நிமிடம் 50.677 நொடியிலும் முடித்தனர். வேறுபாடு 0.004 நொடி! கண் இமைக்கும் பொழுதினும் மிகக் குறைந்த அவ்வேறுபாட்டால் தங்கம் கைநழுவியது. ஆயினும் துடுப்பை அவர் கீழே வைக்கவில்லை. 2012ஆம் ஆண்டு இலண்டனில், 47 வயதில், தம் எட்டாவது ஒலிம்பிக்கில் பங்கேற்று ஐந்தாம் இடம் பெற்ற பின்னரே ஓய்வு பெற்றார்.

இடெம் முதற்பதக்கத்தைப் பிறந்த நாட்டிற்கும் அடுத்த நான்கினைப் புகுந்த நாட்டிற்கும் ஈட்டினார். ஒன்றைப் பெற மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை. வீட்டில் தமிழும் வெளியில் பிறமொழியும் பேசும் நீங்களும் இருபுறமும் துடுப்பு வலிப்பவர்களே. இரண்டையும் விடாது வலியுங்கள். படகு நேரே செல்லும்.

சொற்பொருள்
அலகு – துடுப்பின் தட்டையான பகுதி
வலித்தல் – துடுப்பை இழுத்துச் செலுத்துதல்
ஈட்டினார் – முயன்று பெற்றார்

பயிற்சி
1. பிரித்தெழுதுக: பொற்பதக்கம், முதற்பதக்கம்.
2. கயாக் செலுத்தும் முறையை விளக்குக.
3. பெய்ஜிங் போட்டியில் இடெம் தங்கத்தை இழந்தது எவ்வாறு?
4. "பிறந்த ஊரும் வாழும் ஊரும்" என்னும் தலைப்பில், உங்கள் பாட்டி அல்லது தாத்தாவிடம் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக.